ஆஸ்கர் வைல்ட் அமெரிக்காவில் என்ன பேசினார்?

ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் 1882இல் அமெரிக்காவில் மேற்கொண்ட சொற்பொழிவுப் பயணத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் நான்கிற்கு இம்முறை விடை தருகிறேன்.

கேள்வி: நியூயார்க் சுங்க அதிகாரியிடம், "என் மேதைமையைத் தவிர அறிவிப்பதற்கு என்னிடம் எதுவுமில்லை" என்று வைல்ட் சொன்னதாகப் பல இடங்களில் படித்திருக்கிறேன். உண்மையிலேயே அவர் அப்படிச் சொன்னாரா?

பதில்: சொன்னார் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அவர் ஏறி வந்த அரிசோனா என்னும் கப்பல் 1882 ஜனவரி 2ஆம் நாள் மாலை நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. நோய்த்தடுப்புச் சோதனைக்காக அது இரவு முழுவதும் கரையிலிருந்து தள்ளியே நின்றது. விடியும்வரை பொறுக்க முடியாத செய்தியாளர்கள் படகு பிடித்துக் கப்பலுக்கே போய் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவருடைய உயரம், நீண்ட தலைமுடி, மென்மயிர் வைத்துத் தைத்த பச்சை நிற மேலங்கி, சிரிக்கும் விதம் என்று ஒன்று விடாமல் எழுதினார்கள். அட்லாண்டிக் பெருங்கடல் தமக்கு அவ்வளவாக மனநிறைவு தரவில்லை என்று அவர் சொன்னதுகூட உடனே அச்சேறியது. இத்தனையையும் குறித்துக்கொண்டவர்கள் இப்படியொரு வாக்கியத்தைக் காதில் வாங்கியிருந்தால் விட்டிருக்கவே மாட்டார்கள். அவர் இறந்து ஆண்டுகள் பல கடந்த பிறகுதான் அது நூல்களில் தலைகாட்டுகிறது. அவர் சொல்லியிருக்கக்கூடியது என்பதாலேயே அவர் சொன்னதாகிவிட்டது என்பது என் கருத்து.

கேள்வி: அப்போது அவர் நாடகமோ நாவலோ எழுதிப் புகழ் பெற்றிருக்கவில்லையே. பிறகு யார், எதற்காக அவரை அழைத்தார்கள்?

பதில்: நியாயமான கேள்வி. அப்போது அவருக்கு 27 வயது. 1881இல் வெளிவந்த ஒரு கவிதைத் தொகுதியைத் தவிரக் கையில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கலை கலைக்காகவே என்று வாழ்ந்த அழகியல் இயக்கத்தாரை லண்டன் கேலி செய்துகொண்டிருந்த காலம் அது. பாடலாசிரியர் கில்பர்ட்டும் இசையமைப்பாளர் சல்லிவனும் சேர்ந்து அந்த இயக்கத்தைப் பகடி செய்து 'பேஷன்ஸ்' என்னும் இசை நாடகத்தை எழுதினார்கள். லண்டனில் வெற்றி பெற்ற அந்த நாடகம் 1881 செப்டம்பரில் நியூயார்க்கிலும் மேடையேறியது. கேலி செய்யப்படுபவரை நேரில் பார்த்திராத மக்களுக்குக் கேலி முழுதாக விளங்காது அல்லவா? நாடகத் தயாரிப்பாளர் ரிச்சர்ட் டாயிலி கார்ட்டும் அவருடைய நியூயார்க் முகவர் கர்னல் மோர்ஸும் அப்படித்தான் கணக்குப் போட்டு, உண்மையான அழகியல் கவிஞர் ஒருவரை ஊர் ஊராக அனுப்பிப் பேசவைக்க ஏற்பாடு செய்தார்கள்.

நாடகத்துக்கு விளம்பரமாகத்தான் தம்மை அழைக்கிறார்கள் என்று வைல்டுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார். பணம் தேவையாக இருந்தது, கேட்பதற்கு மக்களும் தேவையாக இருந்தார்கள். சில மாதங்களுக்கென்று திட்டமிட்ட பயணம், கனடாவையும் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 140 சொற்பொழிவுகளாக வளர்ந்தது. அவர் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியபோது தேதி டிசம்பர் 27.

கேள்வி: அவர் என்னதான் பேசினார்? சுரங்கத் தொழிலாளர்களிடம்கூடக் கலையைப் பற்றிப் பேசினார் என்கிறார்கள். கேட்டவர்களுக்கு அது விளங்கியதா, அல்லது முழங்கால்வரையிலான காற்சட்டையையும் பட்டுக் காலுறையையும் வேடிக்கை பார்க்கத்தான் கூடினார்களா?

பதில்: வேடிக்கை பார்க்க வந்தவர்களே மிகுதி. அதை மறைப்பதில் பயனில்லை. பயணத்தை நான் படிக்கப் படிக்க என்னைக் கவர்ந்தது வேறொன்று: வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கேட்கவைப்பதற்காக அந்த இளைஞர் செய்த உழைப்பு. ஜனவரி 9ஆம் நாள் நியூயார்க் சிக்கரிங் மண்டபத்தில் நிகழ்த்திய முதல் சொற்பொழிவின் தலைப்பு 'ஆங்கிலக் கலை மறுமலர்ச்சி'. மண்டபம் நிறைந்திருந்தது. ஆனால் அவர் எழுதிவைத்துப் படித்த உரை நீளமானது, பொதுக் கருத்துகளால் நிரம்பியது. கவிஞர் கீட்ஸையும் கலை விமர்சகர் ரஸ்கினையும் முன்பே அறியாதவர்களுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை என்று பத்திரிகைகள் குறை கூறின. ஓரிரு மாதங்களுக்குள் அவர் அந்த உரையை ஒதுக்கிவிட்டு, 'அலங்காரக் கலைகள்', 'அழகிய இல்லம்' என்னும் இரண்டு புதிய உரைகளை உருவாக்கிக்கொண்டார். கதவு, அடுப்பு, நாற்காலி, கோப்பை, உடை என்று கேட்பவர்கள் வீட்டுக்குப் போனதும் கண்ணில் படக்கூடிய பொருள்களைக் கொண்டே அழகைப் பேசினார். இயந்திரம் செதுக்கிய போலி அலங்காரங்களை விடுங்கள், உங்கள் ஊர்க் கைவினைஞருக்கு வேலை கொடுங்கள் என்றார்.

போகும் ஊரைப் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் இதோடு வந்தது. சிகாகோவில் 1871ஆம் ஆண்டுப் பெருந்தீயிலிருந்து தப்பிய தண்ணீர்க் கோபுரத்தை ஊரே பெருமையாகக் கருதியது. கோட்டை வேடமிட்டு, மேலெல்லாம் மிளகுத்தூள் டப்பாக்களைச் செருகிவைத்த அவலட்சணம் என்று அந்த ஊர் மக்களிடமே அவர் சொன்னார். அரங்கம் திடுக்கிட்டது. ஆனால் அதே மூச்சில், உள்ளே நீரேற்றும் இயந்திரத்தின் எளிமையையும் அதன் பெருஞ்சக்கரம் சுழலும் சீரையும் அவர் மனமாரப் புகழ்ந்ததைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவர் சொல்ல வந்ததே அதுதான்: பயனுள்ள பொருள் தன் பயனை மறைக்காமல் இருந்தாலே அழகாகிவிடுகிறது, அதற்குக் கோட்டை வேடம் எதற்கு?

பாஸ்டனில் ஜனவரி 31ஆம் நாள் நடந்ததும் குறிப்பிடத்தக்கது. ஹார்வர்ட் மாணவர்கள் 60 பேர் அவரைப் போலவே உடுத்திக்கொண்டு, கையில் சூரியகாந்தியும் அல்லியும் ஏந்தி, அவர் மேடையேறும் நேரம் பார்த்து முன்வரிசைகளில் வந்து அமர்ந்தார்கள். முன்கூட்டியே செய்தி அறிந்திருந்த வைல்ட் அன்றைக்கு வழக்கமான மாலை உடையில் வந்து நின்றார். என் சீடர்களிடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள் என்று முதன்முறையாக வேண்டத் தோன்றுகிறது என அமைதியாகக் கூறிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

இப்போது சுரங்கத்துக்கு வருவோம். கொலராடோவின் மலைகளுக்கிடையே ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் இருக்கிறது லெட்வில். வெள்ளி கிடைத்ததால் திடீரென்று முளைத்த ஊர் அது. ஏப்ரல் 13ஆம் நாள் அங்குள்ள டேபர் அரங்கில் வைல்ட் பேசினார், பதினாறாம் நூற்றாண்டுப் பிளாரன்ஸ் நகரப் பொற்கொல்லர் செல்லினியின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து சில பகுதிகளைப் படித்தும் காட்டினார். செல்லினியை ஏன் அழைத்துவரவில்லை என்று தொழிலாளர்கள் கேட்டதாகவும், இறந்துவிட்டார் என்றதும் "யார் சுட்டது?" என்று வினவியதாகவும் பிற்பாடு அவரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். அந்த நகைச்சுவையைக் கேட்டவர்கள், படிப்பறிவில்லாத கூட்டத்தின் முன்னால் பொருந்தாததைப் படித்தார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுவதும் வெள்ளியைத் தோண்டி எடுப்பவர்களிடம், அந்த உலோகத்தைக் கொண்டு மனிதக் கை என்ன செய்ய முடியும் என்று காட்டிய ஒருவரைப் பற்றிப் பேசுவதைவிடப் பொருத்தமான பேச்சு வேறு என்ன இருக்க முடியும்? உரை முடிந்தபின் ஒரு வாளியில் அமர்ந்து மேட்ச்லெஸ் சுரங்கத்துக்குள் இறங்கினார். வெள்ளித் துளைப்பான் ஒன்றைக் கையில் கொடுத்து, 'ஆஸ்கர்' என்று அவர் பெயரையே சூட்டியிருந்த புதிய வெள்ளித் தாதுப் படிவைத் திறந்துவைக்கச் செய்தார்கள், அடியில் இருந்தவர்களோடு விருந்துண்ண வைத்தார்கள். அகன்ற விளிம்புத் தொப்பியும் உயர்ந்த காலணியும் அணிந்த மேற்குச் சுரங்கத் தொழிலாளர்கள்தாம் அமெரிக்காவிலேயே நன்றாக உடுத்திய ஆண்கள் என்று அவர் மற்ற ஊர்களில் சொல்லிவந்தது வெறும் முகமனன்று. அந்த உடை வேலைக்காகவே அமைந்தது என்பதுதான் அவர் காட்டிய காரணம்.

லெட்வில்லுக்கு முன்பே சான் பிரான்சிஸ்கோவில் அவர் கண்டுகொண்ட ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அங்கே சீனர் வாழும் பகுதிக்குச் சென்றபோது, அன்றாடக் கூலி வேலை செய்பவர்கள் ரோஜா இதழ் போன்ற மெல்லிய பீங்கான் கோப்பைகளில் தேநீர் அருந்துவதைப் பார்த்தார். பொன்முலாம் பூசிய பெரிய கண்ணாடிகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர்களைக் கொட்டியிருந்த விடுதிகளிலோ, அவருக்கு வந்த காப்பிக் கோப்பை ஒன்றேகால் அங்குலத் தடிப்பில் இருந்தது. இரண்டு கோப்பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் மேடையில் பேசினார். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது அதே ஆண்டு மே 6ஆம் நாள். விரட்ட வேண்டியவர்கள் என்று பத்திரிகைகள் பழித்துக்கொண்டிருந்த மக்களின் கையிலிருந்த கோப்பையைக் காட்டி, அழகுணர்ச்சி எவரிடம் இருக்கிறது பாருங்கள் என்று அந்த வேளையில் ஒருவர் சொன்னது சிறிய செய்தியன்று.

கேள்வி: அந்த ஓராண்டு அவருடைய பிற்கால வாழ்க்கைக்கு ஏதேனும் பயன் தந்ததா?

பதில்: பயணத்தின் தொடக்கத்தில் சரோனி என்னும் ஒளிப்படக் கலைஞர் அவரைப் படமெடுத்தார். அந்தப் படத்தை ஒரு நிறுவனம் அனுமதியின்றி 85,000 படிகள் அச்சிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, ஒளிப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்ற தீர்ப்பு 1884இல் வெளிவந்தது. இது சட்டத்துக்குக் கிடைத்த பயன். வைல்டுக்குக் கிடைத்தது ஒரு பதிப்பாளரின் நட்பு. ஜனவரி 18ஆம் நாள் கேம்டன் நகரில் கவிஞர் வால்ட் விட்மனைச் சந்திக்க அவரை அழைத்துச் சென்ற ஸ்டாடர்ட்தான், ஏழு ஆண்டுகளுக்குப் பின் லண்டனுக்கு வந்து தம் இதழுக்காக ஒரு கதை கேட்டார். அப்படிப் பிறந்ததே 'டோரியன் கிரேயின் ஓவியம்' என்னும் நாவல்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் ஏப்ரல் மாதம் அவரைச் சிறைச்சாலையைச் சுற்றிப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். ஓர் அறையில் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நூல் இருப்பதைக் கண்டு வியந்தார். நாடு கடத்தப்பட்ட ஒரு பிளாரன்ஸ்காரரின் துயரம், பல நூறு ஆண்டுகளுக்குப் பின் எங்கோ ஒரு கைதியின் துயரத்தைத் தணிப்பது விந்தையாகவும் அழகாகவும் இருக்கிறது என்று கடிதத்தில் எழுதினார். 1895இல் அவரே இரண்டு ஆண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். இங்கிலாந்தின் ரெடிங் சிறை அறையில் அவர் படித்த நூல்களுள் தாந்தேயும் ஒன்று.