அடுக்குப் பத்தாயம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நெல் சேமிக்கும் மரப் பெட்டியான பத்தாயத்தைக் கழற்றி மாட்டக்கூடிய விதத்தில் வரைந்த படம் ஒன்றைப் போன வாரம் பகிர்ந்திருந்தேன். ஒன்றரை மீட்டர் சதுரம். நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில் ஐந்து அடுக்குகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பலகை 3 சென்டிமீட்டர் கனம். மேலே மூடி, கீழே கால்கள், அடியில் உள்ள கடைசி அடுக்கில் சறுக்குப் பலகை வைத்த திறப்பு. நிறைத்தால் 2.7 டன் நெல், அதாவது 60 கிலோ மூட்டை 45 பிடிக்கும். ஊரில் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு இங்கே சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள்தான் அதிகம் கேட்டிருக்கிறார்கள். அறுவடை நேரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் இரண்டு மூன்று மாதம் வைத்திருக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எல்லோருடைய தேவையும். நான் தச்சர் வீட்டுப் பிள்ளை, இங்கே ஃபார்ம்வொர்க், அதாவது கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகைகளுக்கு வரைபட வேலை பார்க்கிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

காக்கி புக்கிட் தங்குவிடுதியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நெல்லு என்ன தண்ணியா, பக்கத்துல தள்ளுறதுக்கு? மூலையில நாலு ஆணி அடிச்சா நிக்காதா?

நிற்காது தம்பி. நீங்கள் ஷட்டரிங் (அச்சுப் பலகை அடிக்கும்) வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்குச் சொல்வது சுலபம். சுவர் ஷட்டரில் பச்சைக் கான்கிரீட் ஊற்றும்போது இரு பக்கப் பலகையையும் இழுத்துப் பிடிக்கும் டை ராட் கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதே தள்ளல் நெல்லுக்கும் உண்டு. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. கான்கிரீட்டில் ஆழம் கூடக்கூட அழுத்தமும் அதே கணக்கில் கூடும். நெல்லில் ஓர் ஆழத்துக்குப் பிறகு அவ்வளவாகக் கூடாது. நெல்மணிகள் சுவரை உரசிக்கொண்டு நிற்பதால் எடையில் ஒரு பங்கு சுவர் வழியாகவே இறங்கிவிடுகிறது. இதைக் கணக்காக எழுதியவர் யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர், 1895இல். அவர் சோதனை செய்ததும் சதுர மரப் பெட்டிகளில்தான். இன்று பெரிய இரும்புக் குதிர் கட்டுகிறவர்களும் அவருடைய கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நம் பத்தாயத்துக்குப் போட்டுப் பார்த்தேன். நெல் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ, மரச்சுவரில் உராய்வு 0.4, பக்கவாட்டு விகிதம் (கீழ்நோக்கிய அழுத்தத்தில் பக்கத்தில் தள்ளும் பங்கு) 0.5 என்று வைத்தால், அடியில் ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 370 கிலோ தள்ளல் வருகிறது. கடைசி அடுக்கின் ஒவ்வொரு மூலையையும் ஏறத்தாழ 110 கிலோ விசை பிரித்து இழுக்கும். அது நெல் சும்மா இருக்கும்போது. திறப்பைத் திறந்து நெல் இறங்க ஆரம்பித்ததும் அழுத்தம் இடத்துக்கு இடம் எகிறும். அதனால் நான் இரண்டு மடங்கு வைத்துத்தான் கணக்குப் போடுவேன்.

இப்போது ஆணியைப் பாருங்கள். மூலையில் அடிக்கும் ஆணி அடுத்த பலகையின் வெட்டுமுனைக்குள் போகிறது. அந்த முனையில் மர நார் ஆணியைப் பிடிப்பது மிகவும் குறைவு. ஒரு வெயில் காலம் மரம் காய்ந்ததும் ஆணி தானாக நழுவும். மூலைக்குப் புறாவால் வெட்டு, அதாவது புறாவின் வால் போல விரிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வெட்டு போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கழுந்தை (பலகை முனையில் செதுக்கிய நாக்கை) அடுத்த பலகையின் துளைக்கு வெளியே நீட்டி ஆப்பு அடிக்கச் சொல்லுங்கள். ஆப்பு வைத்தால் வருஷத்துக்கு ஒரு முறை சுத்தியால் தட்டி இறுக்கிக்கொள்ளலாம், கழற்றுவதும் சுலபம். இந்தப் பெட்டியின் உயிரே மூலையில்தான் இருக்கிறது. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் வேறு எங்காவது பிடியுங்கள்.

இன்னொன்று, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 3 சென்டிமீட்டர் பலகை உடையாது, ஆனால் நடுவில் ஒரு சென்டிமீட்டர் போலத் தொப்பை தள்ளும். அடியிலிருந்து இரண்டு அடுக்குகளுக்கு மட்டும் நடுவில் குறுக்காக 12 மில்லி கம்பி கொடுத்து, வெளியே அகலமான தட்டை வைத்து நட்டு போடுங்கள். சைட்டில் செய்வது போலக் கம்பியைப் பிவிசி குழாய்க்குள் விட்டால் துரு நெல்லில் ஒட்டாது.

ஈசூனிலிருந்து ஒருவர்: ஒரே பெட்டியாகச் செய்தால் இன்னும் உறுதியாக இருக்காதா? எதற்கு அடுக்கு?

முதல் காரணம் எடை. ஓர் அடுக்கு 50 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஒரே பெட்டியாகச் செய்தால் கால் டன்னுக்கு மேல். எங்கே செய்தீர்களோ அங்கேயே கிடக்கும், வாசலில் நுழையாது.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலத்தில் சுருங்கும், விரியும். 40 சென்டிமீட்டர் அகலப் பலகையின் ஈரம் நான்கு விழுக்காடு ஏறினால் அது சுமார் 4 மில்லி விரியும். ஐந்து அடுக்குக்கு 20 மில்லி. அடுக்குகள் சும்மா ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் மொத்தப் பத்தாயமும் மழைக்காலத்தில் அந்த அளவு உயரும், கோடையில் இறங்கும், எங்கேயும் வெடிக்காது. அந்தக் காலத்துத் தச்சர்கள் இதைக் கணக்குப் போடாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். இது புரியாத ஒருவர் உறுதிக்காக என்று வெளியே நிமிர்ந்த சட்டம் வைத்து ஐந்து அடுக்கிலும் ஆணி அடித்தால் பலகை பிளந்துவிடும். நிமிர்ந்த சட்டம் வேண்டுமென்றால் போல்ட் துளையை மேலும் கீழுமாக நீட்டி வெட்டுங்கள்.

அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் மேல் பலகையின் வெளி உதடு கீழ்ப் பலகையின் மேல் தொங்க வேண்டும். திருப்பி வைத்தால் சாரல் நேராக உள்ளே போகும்.

தெம்பனிஸ்: நெல்லைக் காயவைத்துத்தான் போடுகிறோம், இருந்தும் போன வருஷம் கோணிப்பையில் சூடேறிப் புழுங்கிவிட்டது. பத்தாயத்தில் வைத்தால் சரியாகுமா?

ஆகாது. ஈர நெல்லுக்கு எந்தப் பெட்டியும் மருந்தில்லை. மெஷின் அறுவடையில் நெல் 20 முதல் 25 விழுக்காடு ஈரத்தோடு வரும். சில வாரம், சில மாதம் வைக்க 14க்குள் இறங்க வேண்டும். எட்டு மாதம், ஒரு வருஷம் என்றால் 13. டெல்டாவில் குறுவை அறுப்பு மழையோடு முட்டிக்கொள்கிறது, இரண்டு நாள் வெயிலை நம்பி உள்ளே போட்டால் நடுவில் சூடு பிடித்துக்கொள்ளும்.

மீட்டர் இல்லாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி நெல்லும் கொஞ்சம் காய்ந்த தூள் உப்பும் போட்டு மூடிக் குலுக்கி, சில நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் சேமிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. போட்ட பிறகும் வாரம் ஒரு முறை ஒரு நீளக் கம்பியை நடுவில் ஆழமாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அன்றைக்கே இறக்கிக் காயவைக்க வேண்டும்.

ஜூரோங் வெஸ்ட்: இங்கே கிடங்குகளில் தூக்கிப் போடும் பேலட் மரத்தில் சின்னதாக ஒன்று செய்து பார்க்கலாமா?

முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு போட்டது, வேண்டாம். எச்.டி.யாக இருந்தாலும் அதன் மேல் என்ன சிந்தியது என்று நமக்குத் தெரியாது. மாதிரிக்கு, செடித் தொட்டிக்கு நல்லது. சாப்பிடும் தானியத்துக்கு நான் எடுக்க மாட்டேன். பச்சை நிறம் ஏற்றிய, ஆர்சனிக் கலந்த மருந்து போட்ட மரத்துக்கும் இதே பதில்தான்.

உட்லண்ட்ஸ்: சுங்கை காடுட்டில் செங்கால் (chengal), கப்பூர் என்ற மரங்களையெல்லாம் அறுத்துத் தருகிறார்கள். வாங்கி ஊருக்கு அனுப்பினால் என்ன?

அனுப்பும் செலவில் ஊரில் இரண்டு பத்தாயம் செய்யலாம். பலா, வேம்பு, மா என்று அங்கே கிடைக்கும் காய்ந்த பலகை போதும். நீங்கள் அனுப்ப வேண்டியது அளவு போட்ட படம்தான்.

புக்கிட் பாத்தோக்: எலியும் கரையானும்தான் எங்கள் ஊரில் பெரிய தொல்லை. என்ன செய்வது?

கால் குறைந்தது 75 சென்டிமீட்டர் உயரம். எலி தாவும் உயரம் அது. ஒவ்வொரு காலிலும் தகரத்தைக் கூம்பாக, அகன்ற பக்கம் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். ஆனால் பத்தாயத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ, பக்கத்தில் ஏணியைச் சாய்த்து வைத்தாலோ தகரம் வீண். சுற்றிலும் ஒரு மீட்டர் காலியாக விடுங்கள். கரையானுக்கு, கால் மண்ணைத் தொடக் கூடாது. கருங்கல் மேல் நிற்க வேண்டும், கல்லின் மேல் மண்கூடு ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். கல் எப்படியும் தேவை, ஏனென்றால் நிறைந்த பத்தாயம் மூன்று டன், காலுக்கு முக்கால் டன். இளகிய மண்ணில் ஒரு கால் மட்டும் இறங்கினால் மூலை வெட்டுகள் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். தளத்துக்கு அடியில் 50க்கு 125 மில்லி சட்டத்தை நிறுத்தி வைத்து அரை மீட்டருக்கு ஒன்று கொடுங்கள்.

அதே அன்பர்: வண்டுக்குச் செல்பாஸ் மாத்திரை போடலாமா? கடையில் சொன்னார்கள்.

கூடவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மனிதரைக் கொல்லும். மரப் பத்தாயம் காற்று இறுக்கமானதும் இல்லை, வாயு இடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டிய பொருள் அது. ஈரத்தைக் குறையுங்கள், பழைய நெல் ஒரு மணிகூட இல்லாமல் கூட்டிவிட்டுப் புதியதைப் போடுங்கள், நொச்சி, வேப்பிலையைக் காயவைத்து இடையிடையே பரப்புங்கள். இலை வண்டை விரட்ட உதவும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. வருஷக்கணக்கில் வைக்க வேண்டுமானால், காற்றுப் புகாத பைகளில் கட்டி அந்தப் பைகளைப் பத்தாயத்துக்குள் அடுக்குங்கள். உள்ளே பிராணவாயு குறைந்து பூச்சி தானே செத்துவிடும்.

தோ பாயோவிலிருந்து ஓர் அக்கா: ஊரில் அம்மா மட்டும்தான். எழுபது தாண்டிவிட்டார். உங்கள் படத்தில் மூடி ரொம்ப உயரத்தில் இருக்கிறது.

நீங்கள் கேட்டது நல்லது அக்கா. அந்தப் படம் அம்மாவுக்கு வேண்டாம். காலோடு சேர்த்து மூடி 2.75 மீட்டரில் நிற்கும், கூடையோடு ஏணி ஏறுகிற வயதில்லை. அவருக்கு 1.2 மீட்டர் சதுரத்தில் மூன்று அடுக்கு மட்டும் வையுங்கள். ஒரு டன் பிடிக்கும். இரண்டரை சென்டிமீட்டர் பலகை போதும், குறுக்குக் கம்பி தேவையில்லை. நிரப்புவது வருஷத்தில் ஒரு நாள், அதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். எடுப்பது தினசரி வேலை, அதனால் திறப்பு அவருடைய இடுப்பு உயரத்தில், 15 சென்டிமீட்டர் சதுரமாக இருக்கட்டும். சறுக்குப் பலகையை ஒரு கையால் இழுக்க வர வேண்டும், அதன் தடத்தில் மெழுகு தேய்த்து வைக்கச் சொல்லுங்கள். தளம் சமமாக இருப்பதால் கடைசியில் மூலைகளில் நெல் நின்றுவிடும். அதை இழுக்க நீளக் காம்பு வைத்த மரப் பலகை ஒன்று செய்து கொடுங்கள்.

அவர் உள்ளே இறங்கவே கூடாது. பேரப்பிள்ளைகளும்தான். கீழே நெல் இறங்கிக்கொண்டிருக்கும்போது மேலே நிற்பவரை அது உள்ளே இழுக்கும், இடுப்பு வரை புதைந்தால் ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கி எடுக்க முடியாது. மூடிக்குப் பூட்டு அவசியம்.

லிம் சூ காங் பக்கம் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்ப்பவர்: பசுந்தீவனத்தைக் காற்றில்லாமல் புளிக்கவைத்து ஊறுதீவனமாக்க இதே பெட்டி ஆகுமா? வெளிநாட்டில் மரத்தில் செய்கிறார்களே?

செய்தார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஃபிரெட் ஹேட்ச் என்ற விவசாயி 1873இல் களஞ்சியத்துக்குள்ளேயே மரத்தில் சதுரமாக நிமிர்ந்த சைலோ (தீவனம் சேமிக்கும் கோபுரம்) கட்டினார். சதுரத்தின் மூலைகளில் தீவனம் இறுகி அமராமல் காற்று நின்று கெட்டுப்போனது. அதனால்தான் பிறகு விஸ்கான்சினில் எஃப். எச். கிங் வட்ட வடிவத்தை வலியுறுத்தினார், பீப்பாய் போல இரும்பு வளையம் போட்ட மரச் சைலோக்கள் பரவின. ஊறுதீவனத்துக்குக் காற்றே புகக் கூடாது. நம் பத்தாயம் அதற்கு நேர்மாறு. ஈரமும் அமிலமும் மூலை வெட்டுகளைத் தின்றுவிடும். உங்கள் அளவுக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயில் அழுத்தி மூடுவதே சரி. பெரிய சைலோவில் வேலை செய்ய நேர்ந்தால், நிரப்பிய முதல் மூன்று வாரம் உள்ளே போகாதீர்கள், பழுப்பு மஞ்சள் நிறத்தில் ஒரு நச்சு வாயு அடியில் தங்கும்.

ஓர் ஆசிரியை: பிள்ளைகளுக்கு இந்த அழுத்தக் கணக்கைக் காட்ட ஏதாவது வழி?

அருமையான சோதனை ஒன்று உண்டு. ஐந்து சென்டிமீட்டர் விட்டம், அரை மீட்டர் நீளமுள்ள குழாயை ஸ்டாண்டில் நிமிர்த்திப் பிடியுங்கள். அடியில் சமையல் தராசு, குழாய் தராசைத் தொடாமல் ஓர் அரிசி நுழையாத இடைவெளி. முக்கால் கிலோ அரிசியை மெல்ல ஊற்றச் சொல்லுங்கள். தராசு முதலில் ஏறும், அப்புறம் தயங்கும், அதன் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் நின்றுவிடும். ஊற்றியதில் பாதியைக்கூடக் காட்டாது. மீதி எங்கே போனது என்று கேளுங்கள். குழாயைப் பிடித்திருக்கும் ஸ்டாண்டுதான் அதைச் சுமக்கிறது.

சுவா சூ காங்: தச்சர் செய்து முடித்துவிட்டார், அடுத்த மாதம் விடுப்பில் போகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வெறும் பெட்டியில் உள்ளே ஓர் ஆளை உட்கார வைத்து மூடியைச் சாத்துங்கள், பகல் வெளிச்சத்தில். ஆள் உள்ளே இருக்கும்வரை மூடிப் பக்கத்தை விட்டு நகராதீர்கள். வெளிச்சம் எங்கே கீற்றாக வருகிறது என்று அவர் சொல்லச் சொல்ல வெளியே சாக்பீஸால் குறியுங்கள், அங்கெல்லாம் சாரலும் பூச்சியும் வரும். பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சரிபாருங்கள். நிரப்பும்போது பாதியில் நிறுத்தி, ஒரு நாள் விட்டு, கடைசி அடுக்கின் நான்கு மூலையையும் பாருங்கள். கழுந்துக்குப் பக்கத்தில் பென்சில் கோடு ஒன்று போட்டு வைத்தால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். கோடு ஒரு மில்லி விலகியிருந்தால் ஆப்பைத் தட்டிவிட்டு மீதியைப் போடுங்கள். மூன்று மில்லி என்றால் நெல்லை இறக்கிவிட்டுத் தச்சரைக் கூப்பிடுங்கள்.