மதியம் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள்

பகல் பராமரிப்பு நிலையங்கள் பற்றித்தான் இந்த முறை அதிகம் கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில்.

ரீச்சர், மகளுக்கு 11 மாதம். நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பார்த்த இடம் வடிவாக இருந்தது, சுவர் முழுக்கப் படம். வேறு என்ன பார்க்க வேண்டும்? (உவர்மலை)

சுவரில் இருக்கும் முயலா பிள்ளையைப் பார்க்கப் போகிறது? நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, காலையில் போயிருப்பீர்கள். அந்த நேரம் எல்லா இடமும் வடிவுதான். மதியம் ஒரு மணிக்குப் போங்கள். சோறு முடிந்து, பாதிப் பிள்ளைகள் நித்திரைக்கு அழ, ஒன்று நனைந்த பம்பர்ஸோடு நிற்க, அன்ரிமாரும் களைத்துப்போயிருக்கும் நேரம் அது.

ஒரு கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். பம்பர்ஸ் மாற்றிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டா அடுத்த பிள்ளைக்குத் தீத்துகிறார்கள்? அழுகிற பிள்ளையிடம் குனிந்து பெயர் சொல்லிக் கதைக்கிறார்களா, தூர நின்று அதட்டுகிறார்களா? படுக்கிற இடத்தையும் பாருங்கள். உங்கள் மகள் வயதில் மல்லாக்காக, தட்டையான இறுக்கமான மெத்தையில், தலையணை இல்லாமல்தான் படுக்கவைக்க வேண்டும். ஏணையில் வளர்ந்தவர்கள்தான் நாங்கள். அங்கே ஆட்ட ஒரு அம்மம்மா பக்கத்திலேயே இருந்தா. பத்துப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஏணை வேண்டாம்.

'சொல்லாமல் வரக்கூடாது' என்கிற இடத்தில் நான் என் பேரப்பிள்ளையை விடமாட்டேன்.

18 பிள்ளைகளுக்கு 2 பேர். போதுமா? (பாலையூற்று)

வயதைச் சொல்லவில்லையே! இங்கிலாந்துச் சட்டத்தில் இரண்டு வயதுக்குக் குறைந்த 3 பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைகள் என்றால் 5 பேருக்கு ஒருவர். இங்கே அது கட்டுபடியாகாது என்பார்கள். சரி, சட்டத்தை விடுங்கள். குசினியில் நெருப்புப் பிடித்தால் ஓர் ஆளால் எத்தனை தவழும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும்? இரண்டு. இன்னொன்றும் கேளுங்கள்: சமைப்பது யார்? அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் என்றால், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை 18 பிள்ளைகளுக்கு ஒருவர்தான்.

பின்வளவில் கிணறு இருக்கிறது. கட்டு உயரம்தான் என்கிறார்கள். (அலஸ்தோட்டம்)

பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தால் அந்த உயரம் போய்விடும். கம்பி வலை மூடியும் அதற்குப் பூட்டும் வேண்டும். கிணற்றைவிட எனக்குப் பயம் குளியலறையில் நிரப்பி வைக்கும் வாளிதான். தலைகீழாக விழுந்த சின்னப் பிள்ளை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும், சத்தமும் வராது. பாவித்த உடனே கவிழ்த்து வைக்கிறார்களா என்று பாருங்கள். மாரி காலத்தில் பூச்சாடித் தட்டு, பழைய ரயர் எல்லாவற்றிலும் நுளம்பு பெருகத் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். 2017 இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை.

கேற்றையும் ஒருக்கால் ஆட்டிப் பாருங்கள். நம்முடைய திருகோணமலை ரவுனில் தெருவில் திரிகிற மான் உள்ளே வராமல் சாத்தி வைப்பார்கள். ஆனால் கொண்டி மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். மானைத் தடுத்துவிட்டுப் பிள்ளையை வெளியே விடுகிற கேற் அது.

கமரா இருக்கிறது, போனில் பார்க்கலாம் என்கிறார்கள். (திருக்கடலூர்)

இருக்கட்டும். உங்கள் பிள்ளையை வேறு யாரெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டீர்களா? உடுப்பு மாற்றுகிற இடத்தில் கமரா இருக்கவே கூடாது.

மூன்று வயது மகனின் காது கண்டிப்போயிருந்தது. விழுந்தான் என்கிறார்கள். நம்பலாமா? (பெயர் வேண்டாம்)

ஓடித் திரிகிற பிள்ளை விழுந்தால் முழங்கால், முன்கால் எலும்பு, நெற்றியில்தான் அடிபடும். காது, கழுத்து, வயிறு, முதுகு அப்படி அல்ல. இந்த வயதில் அங்கே கண்டல் இருந்தால் டொக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும், இன்றைக்கே. அதற்கு முன் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். 'அன்ரி அடிச்சவாவா?' என்று மகனிடம் கேட்க வேண்டாம், ஓமென்று தலையாட்டிவிடுவான். 'என்ன நடந்தது?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நிலையத்தில் எழுதி வைக்கும் விபத்துப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். பதிவே இல்லை என்றாலோ மழுப்பினாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் கதைக்கலாம்.

நிலையம் பதிவு செய்யப்பட்டதா என்று எங்கே விசாரிப்பது? (சீனக்குடா)

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். அப்புறம், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) அந்தக் குசினிக்குக் கடைசியாக எப்போது போனார் என்று அவரிடமே கேட்கலாம்.