நிலவிலிருந்து வந்த கல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கிணறு வெட்டும்போது கனமான கறுப்புக் கல் ஒன்று கிடைத்தது. காந்தம் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. நிலவுக் கல்லாக இருக்குமா?

பதில்: இருக்காது. நிலவுப் பாறையில் உலோக இரும்பு மிகக் குறைவு, காந்தம் அப்படிப் பாய்ந்து ஒட்டாது. மேக்னடைட் என்ற இரும்புத் தாதுப் பாறையாகவோ இரும்பு உருக்கிய கசடாகவோ இருக்கலாம். உடைந்த முகத்தில் குமிழிக் குழிகள் நிறையத் தெரிந்தால் பெரும்பாலும் கசடுதான்.

கேள்வி: ஒரு விண்கல் நிலவிலிருந்துதான் வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பதில்: கல்லின் ஒரு துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி புகும் சீவலாக்குவோம். நுண்ணோக்கியில் பார்த்த பிறகு எலெக்ட்ரான் மைக்ரோப்ரோப் என்ற, தனிமங்களை அளக்கும் கருவியில் ஒவ்வொரு கனிமத்தையும் தனித்தனியாக அளப்போம். நான் முதலில் தேடுவது ஒலிவின், பைராக்சீன் என்ற கனிமங்களில் இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதத்தை. உருகிய பாறையில் இந்த இரண்டு தனிமங்களும் ஏறக்குறைய சேர்ந்தே நடப்பவை. அதனால் பாறை உருகி உறைந்தாலும் தாய்க்கோளின் விகிதம் பெரிதாகக் கலையாது. நிலவின் ஒலிவினில் அது 90-100 அளவில் இருக்கும், பைராக்சீனில் 60-ஐ ஒட்டி. செவ்வாய்க் கற்களிலும் வெஸ்டா என்ற சிறுகோளின் கற்களிலும் உள்ள பைராக்சீனில் 30-40 தான்.

அப்புறம் பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர்நிறக் கனிமம். நிலவில் சோடியம் குறைவு என்பதால், நிலவின் வெளிறிய மேட்டுநிலக் கற்களில் அதன் அனார்த்தைட் (கால்சிய வகை) பங்கு பெரும்பாலும் 95 சதவீதத்தைத் தாண்டும். ஆக்சிஜன் ஐசோடோப்புகளையும் பார்ப்போம், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. ஐசோடோப்பு வரைபடத்தில் நிலவும் பூமியும் ஒரே கோட்டில் விழுகின்றன. செவ்வாயையும் வெஸ்டாவையும் அந்த அளவீடு விலக்கிவிடும், நம் தெருக்கல்லை விலக்காது.

கேள்வி: நிலவுக் கற்களை மேட்டுநிலம், 'கடல்' (எரிமலைக் குழம்பு உறைந்த கருஞ்சமவெளி) என்று வகை பிரிப்பது எப்படி?

பதில்: மொத்தப் பாறையின் வேதியியலை வைத்து. அலுமினியம் ஆக்சைடு 25-30 சதவீதம், இரும்பு ஆக்சைடு 3-6 சதவீதம் என்றால் மேட்டுநிலக் கல். 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவின் ஆலன் ஹில்ஸில் எடுத்த ஏ.எல்.எச்.ஏ. 81005 என்ற விண்கல் இந்த வகை. எடை 31 கிராம்தான். அதன் வெள்ளைத் துணுக்குகள் அப்பல்லோ கொண்டுவந்த அனார்த்தசைட் (பெரும்பாலும் பிளேஜியோகிளேஸால் ஆன பாறை) போலவே இருப்பதைக் கவனித்தவர் விண்கல் ஆய்வாளர் பிரையன் மேசன். நிலவுக் கல் என்று முதன்முதலில் உறுதியானது அதுதான். இரும்பு ஆக்சைடு 20 சதவீதத்தை ஒட்டி வந்தால் 'கடல்' பசால்ட், இடையில் நின்றால் இரண்டும் கலந்த பிரெச்சியா, அதாவது உடைந்த துணுக்குகள் ஒட்டிக்கொண்ட பாறை. தோரியத்தையும் விடாமல் பாருங்கள். 2002-இல் ஓமானில் கிடைத்த சாய் அல் உஹைமிர் 169 என்ற நிலவுக் கல்லில் அது மிக அதிகம். பொட்டாசியமும் அருமண் தனிமங்களும் பாஸ்பரசும் செறிந்த 'கிரீப்' பாறையின் அடையாளம் அது. பாலைவனக் கற்களில் பேரியம், ஸ்ட்ரான்சியம் கூடுதலாக வந்தால் நிலவின் மேல் ஏற்றாதீர்கள், அது பெரும்பாலும் நம் மண்ணிலிருந்து ஊறியது.

கேள்வி: நான் நாமக்கல்காரன். எங்கள் சித்தம்பூண்டிக் கல்லும் நிலவுக் கல்லும் ஒன்றா?

பதில்: உறவு உண்டு, ஒன்று அல்ல. சித்தம்பூண்டி அனார்த்தசைட்டின் பிளேஜியோகிளேஸில் கால்சியம் மிகுதி. சந்திரயான்-2-க்கான சோதனைகளுக்கு இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது அந்தப் பாறையைப் பொடித்துத்தான். 2023-இல் சந்திரயான்-3 இறங்கிய இடத்தின் மண்ணும் அனார்த்தசைட் வகைக் கலவையையே காட்டியது. உங்கள் ஊர்ப் பாறை மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், நிலவுப் பாறையில் காணாத, நீர் அடங்கிய ஹார்ன்பிளெண்ட் கனிமம் பச்சையும் பழுப்புமாகத் தெரிந்து, இது பூமிக் கல் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும்.