தெரியாமல் கொடுத்த மருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நோயாளியின் சம்மதமில்லாமல் தரப்படும் மனநல சிகிச்சைக்குக் கால எல்லையும் மேற்பார்வையும் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரைகளை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகச் சொல்லி அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார். நாங்கள் தரும் சாப்பாட்டில் ஏதோ கலந்திருப்பதாக நம்பிப் பட்டினி கிடந்தார். மருத்துவமனைக்கு வர மறுத்துவிட்டார். ஒரு மருத்துவர் அவரைப் பார்க்காமலேயே, நாங்கள் சொன்னதை மட்டும் கேட்டுச் சொட்டு மருந்து எழுதித் தந்தார். அதைப் பாலில் கலந்து கொடுத்துவருகிறேன். அண்ணன் தெளிந்துவிட்டார், வேலைக்கும் போகிறார். மருந்தே இல்லாமல், மன உறுதியாலும் உடற்பயிற்சியாலும் குணமானதாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்துத் தனியாகப் போகவிருக்கிறார். உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார், எங்களையும் வெறுத்துவிடுவார் என்று அம்மா அழுகிறார். சொல்லத்தான் வேண்டுமா? நாங்கள் செய்தது துரோகமா?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லத்தான் வேண்டும், அவர் ஊருக்குப் புறப்படுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் நீங்கள் துரோகம் செய்ததாக நான் நினைக்கவில்லை. கூடப்பிறந்தவர் கண்முன்னே பட்டினி கிடக்கும்போது, வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவக் குழு எதுவும் இல்லாதபோது, கையைக் காலைக் கட்டி இழுத்துச் செல்வதா, தெரியாமல் கொடுப்பதா என்ற இரண்டே வழிகள்தான் உங்களுக்கு மிஞ்சின. அந்த இடத்தில் ஒரு குடும்பத்தைத் தனியாக நிறுத்திய மருத்துவ அமைப்பின் மேல்தான் எனக்கு முதல் கோபம். நோயாளியைப் பார்க்காமலேயே மருந்தெழுதியவர் மேல் அடுத்த கோபம்.

தன் நோயை நோயென்று உணர முடியாமல் போவது மனச்சிதைவில் பலருக்கு நோயின் ஒரு கூறாகவே வருகிறது, அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடக்கூடாது. அதனால்தான் நோயாளியின் உரிமையை வலியுறுத்தும் அறநெறி ஆவணங்கள்கூட ஒரு விலக்கைத் தருகின்றன. உலக மனநல மருத்துவச் சங்கம் 1996இல் வெளியிட்ட மாட்ரிட் பிரகடனம், நோயாளியின் விருப்பத்துக்கு மாறாகச் சிகிச்சை தரக்கூடாது என்று சொல்லிவிட்டு, சிகிச்சை தராவிட்டால் அவருடைய உயிருக்கோ சுற்றியிருப்பவர்களின் உயிருக்கோ ஆபத்து என்ற நிலையை மட்டும் விலக்குகிறது. உங்கள் அண்ணன் சாப்பிட மறுத்த நாட்களை அந்த விலக்குக்குள் கொண்டுவர முடியும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த விலக்கு என்றென்றைக்குமானது அல்ல, நோயாளிக்கு முடிவெடுக்கும் திறன் திரும்பும்வரைதான். முடிவெடுக்கும் திறனை எப்படிக் கணிப்பது என்பதற்கு இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவான அளவுகோலைத் தருகிறது. சொல்லப்படும் தகவலை ஒருவரால் புரிந்துகொள்ள முடிகிறதா, மனத்தில் இருத்த முடிகிறதா, சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, தன் முடிவை ஏதேனும் ஒரு வழியில் தெரிவிக்க முடிகிறதா என்பவையே கேள்விகள். எடுக்கும் முடிவு நமக்கு அறிவீனமாகத் தோன்றுவது மட்டுமே திறனில்லை என்பதற்குச் சான்றாகாது. இந்தக் கணிப்பு அந்த நேரத்துக்கும் அந்த முடிவுக்கும் மட்டுமே பொருந்தும். வேலைக்குப் போய்வரும், புது ஊரில் தனியாக வாழத் திட்டமிடும் உங்கள் அண்ணனுக்கு இந்தத் திறன் திரும்பிவிட்டது என்றே உங்கள் கடிதம் காட்டுகிறது. அது திரும்பிய நாளிலேயே மறைத்துக் கொடுப்பதற்கான நியாயமும் முடிந்துவிட்டது. அந்த நாள் எதுவென்று யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், அதைக் கண்டறிய அவரிடமே பேசியாக வேண்டும், பேசினால் மறைத்தது வெளிப்பட்டுவிடும் என்பதுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பது அவருடைய நோய் அவருக்குச் சொன்ன பொய். பிறகு அது உண்மையாகிவிட்டது. அவர் எப்போதாவது தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்து, “இதில் ஒன்றும் கலக்கவில்லையே?” என்று கேட்டிருப்பார், நீங்களும் “உனக்கு வீண் பிரமை” என்று சொல்லியிருப்பீர்கள். மனச்சிதைவிலிருந்து மீளும் ஒருவர் எது நிஜம், எது நோயின் குரல் என்று பிரித்தறியத் தன் புலன்களை மட்டும் நம்ப முடியாமல், நெருங்கியவர்களின் சொல்லையும் வைத்தே மெல்ல மெல்லப் பழகுகிறார். அந்தச் சொல் பொய்யாக இருந்துவிட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவுமில்லை. பிறர் வாயிலாகவோ தற்செயலாகவோ இது அவருக்குத் தெரியவந்தால், மருந்தை மட்டுமல்ல, உங்கள் வார்த்தை எதையுமே இனி நம்பலாமா என்று அவர் கேட்பார், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கும்.

அவர் உடம்பைப் பற்றியும் நாம் பேச வேண்டும். எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வகை மருந்துகளில் பலவும் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டக்கூடியவை. சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும், கை நடுங்கும். ரிஸ்பெரிடோன் போன்றவை புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்தி, பாலுறவு நாட்டத்தைக் குறைக்கலாம். மருந்து எடுப்பது தெரிந்தவர் இதை மருத்துவரிடம் சொல்வார், அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். தெரியாதவர் தன்னையே சந்தேகிப்பார். இரவெல்லாம் அறைக்குள் நடந்துகொண்டிருப்பதற்கும், திடீரென்று ஆண்மை குறைந்ததுபோல் தோன்றுவதற்கும் அவர் தனக்குள் என்ன காரணம் கற்பித்துக்கொண்டாரோ, யாரிடமும் சொல்லாமல் எத்தனை நாள் வெட்கப்பட்டாரோ, நமக்குத் தெரியாது. நாளை புது ஊரில் மயங்கி விழுந்து அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டால், என்னென்ன மருந்துகள் எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு “எதுவுமில்லை” என்பார். அதை நம்பித்தான் அங்கே ஊசி போடுவார்கள்.

மறைத்துக் கொடுப்பதில் மருந்தே வீணாவதும் உண்டு. ரிஸ்பெரிடோன் திரவத்தைத் தேநீரிலோ கோலாவிலோ கலக்கக்கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான அளவு ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் சாதாரணமாக எண்ணவில்லை. அண்ணன் மருந்தை நிறுத்திவிடலாம், நோயும் திரும்பலாம். ஆனால் அவர் தனியாகப் போன அன்றே மருந்து நின்றுவிடத்தானே போகிறது? அதுவும் படிப்படியாக அல்ல, ஒரே நாளில், அப்படி நின்றது அவருக்கே தெரியாமல். மீண்டும் பழைய சந்தேகங்கள் தலைதூக்கத் தொடங்கும்போது, மன உறுதியால் வென்றவன் நான் என்ற நம்பிக்கையோடு இன்னும் கடுமையாக உடற்பயிற்சி செய்வாரே தவிர, மருத்துவரைத் தேடமாட்டார். சொன்னால் ஏற்படும் ஆபத்தைவிடச் சொல்லாமல் விடும் ஆபத்து பெரிது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இந்த விஷயத்தில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு எல்லோருக்கும் சமமான சட்டத் தகுதியை, அதாவது தன் முடிவைத் தானே எடுக்கச் சட்டம் தரும் ஏற்பை, உறுதி செய்கிறது. அதற்கு 2014இல் விளக்கம் தந்த ஐ.நா. குழு, ஒருவருக்காக இன்னொருவர் முடிவெடுக்கும் முறையையே கைவிட்டு, அவரே முடிவெடுக்க உதவும் முறைக்கு மாற வேண்டும் என்றது. தீவிர நோய்நிலையில் இது நோயாளியைக் கைவிடுவதாகும் என்று மனநல மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். பட்டினி கிடந்தவரைப் பற்றிய கேள்வியில் நான் மருத்துவர்களின் பக்கம். தெளிந்துவிட்டவரைப் பற்றிய கேள்வியில் அந்தக் குழுவின் பக்கம்.

எப்படிச் சொல்வது? நீங்களாக மட்டும் சொல்லாதீர்கள். அவரை நேரில் பார்க்கச் சம்மதிக்கும் ஒரு மனநல மருத்துவரிடம் நீங்கள் முதலில் போய் நடந்ததை முழுவதும் சொல்லுங்கள். பிறகு அவசரமில்லாத, சண்டையில்லாத ஒரு நாளில் அண்ணனிடம் பேசுங்கள். “நீ சாப்பிடாமல் கிடந்தாய், எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அன்றிலிருந்து பாலில் மருந்து கலந்து கொடுத்துவருகிறேன், உன்னிடம் மறைத்தது தவறு” என்பது போதும். மருந்து புட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவர் வேலைக்குத் திரும்பியதும், ஒழுங்காகத் தூங்கியெழுந்ததும் அவருடைய சொந்த உழைப்பு, மருந்து அதற்கு உதவியது என்பதையும் சொல்லுங்கள், ஏனெனில் அந்தப் பெருமையில் ஒரு பகுதி அவருக்கு உரியதே. அவர் கத்தலாம், சில நாள் பேசாமல் இருக்கலாம். உடனே மன்னிக்கும்படி கேட்காதீர்கள், அம்மாவின் கண்ணீரைக் காட்டி மருந்தைத் தொடரச் சொல்லாதீர்கள்.

அதன் பிறகு முடிவு அவருடையது. அளவைக் குறைக்கலாம், தினசரி மருந்துக்குப் பதிலாக மாதம் ஒருமுறை போடும் ஊசிக்கு மாறலாம், மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாக நிறுத்திப் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. மீண்டும் நோய் முற்றினால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்க இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உட்படப் பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. அப்படியொரு ஆவணத்தை எழுத அவருக்கு உதவ முன்வாருங்கள். அதில் அவர் உங்கள் பெயரைக் குறிப்பிடாமல் வேறு யாரையாவது குறிப்பிட்டால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் அவசரமானது. இந்தக் கடிதத்தைப் படித்த குற்ற உணர்வில் இன்றிரவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று நாளைக் காலையில் விசாரியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்