ஈரானில் முதன்முதலில் சினிமா எடுத்தவர் யார்?

மீர்சா இப்ராஹிம் கான். 1874-இல் பிறந்தவர். தந்தையும் புகைப்படக் கலைஞர்தான். இவரை எல்லோரும் 'அக்காஸ் பாஷி' என்றே அழைத்தார்கள். அது பெயர் அல்ல, பட்டம்: அரசவையின் தலைமைப் புகைப்படக்காரர்.

1900-இல் மன்னர் முசாபர் அல்-தீன் ஷா ஐரோப்பாவுக்குப் போனபோது இவரும் உடன் போனார். பிரான்சில் ஓடும் படத்தைப் பார்த்த மன்னருக்கு அப்படி ஒரு வியப்பு! உடனே கருவிகளை வாங்கச் சொல்லிவிட்டார்.

அப்புறம் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் நகரம், ஆகஸ்ட் 18, மலர்த் திருவிழா. பூ அலங்கரித்த வண்டிகள் வரிசையாக வருகின்றன. வண்டியில் வரும் பெண்கள் மன்னரைப் பார்த்துப் பூச்செண்டுகளை வீச, அவரும் திருப்பி வீசுகிறார். இதை அக்காஸ் பாஷி படம்பிடித்ததை மன்னரே தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஈரானியர் ஒருவர் எடுத்த முதல் படமாகச் சொல்லப்படுவது இதுதான். எனக்கு மிகவும் பிடித்த காட்சியும் இதுதான்.

தாயகம் திரும்பிய பிறகும் அரண்மனைக்காகப் படம் எடுத்தார், அரசரின் விலங்குக் காட்சிச்சாலைச் சிங்கங்கள் உட்பட. ஆனால் பொதுமக்களுக்கு அவை போய்ச் சேரவில்லை. 1915-இல் காலமானார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெஹ்ரானின் கோலெஸ்தான் அரண்மனையில் அந்தக் காலத்துப் படச்சுருள்கள் கிடைத்தன.