டோடோவுக்கு ஒரு டெக்: கார்டு மேசை கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நான் மொரீஷியஸ்ல குவாத்ர் போர்ன். மேஜிக் த கேதரிங் கார்டு கேம்ல கமாண்டர் (ஒரு தலைவர் கார்டு வச்சு நாலு பேரா ஆடறது) ஆட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆச்சு. கடையில ரெடியா கிடைக்கிற டெக் வச்சு ஆடி போரடிச்சுப் போச்சு, நம்ம ஊரு டோடோவ வச்சு ஒரு தீம் டெக் கட்டணும்னு ஆசை. பறவை படம் போட்ட கார்டா தேடித் தேடி பச்சை, வெள்ளை, நீலம், கறுப்புன்னு எல்லா கலர்லயும் சேத்துட்டேன். டேபிள்ல உக்காந்தா மட்டும் ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது, மூணு பேரும் என்னைய அடிச்சு ஓரமா உக்கார வச்சுடுறாங்க. தீம் டெக்னாலே தோக்கத்தானா?

பதில்: யாரு சொன்னது? ஆனா ஒண்ணு தம்பி, இப்ப உன் கைல இருக்கறது ஒரு பறவை ஆல்பம். ஒவ்வொரு கார்டும் தனித்தனியா அழகா இருக்கும், ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தையே இருக்காது. படத்த பாத்து எடுக்கறத நிறுத்திட்டு, டோடோ கதைல என்ன நடந்துச்சோ அது உன் ஆட்டத்துல நடக்குதான்னு பாரு.

என்ன நடந்துச்சு? 1598ல டச்சுக்காரங்க இங்க இறங்கினாங்க, அப்புறம் கப்பல்ல வந்த எலி, பன்னி எல்லாம் சேந்து தரையில கிடந்த முட்டைய காலி பண்ணுச்சுங்க, கடைசியா டோடோவ பாத்ததா பொதுவா எல்லாரும் ஒத்துக்கற வருஷம் 1662. போனது போனதுதான். ஆனா இதே தீவுல இன்னொரு கதையும் இருக்கு, 1974ல மொரீஷியஸ் கெஸ்ட்ரல்ங்கற வல்லூறு காட்டுல நாலே நாலுதான் மிச்சம்னு கணக்கு, ரோஸ் புறா 1990 வாக்குல பத்துப் பக்கம் வந்து நின்னுச்சு, ரெண்டையும் புடிச்சு வளத்து திரும்பக் கொண்டுவந்தாங்க, இன்னைக்கு மாஹேபூர் பக்கம் இல் ஓ ஸெக்ரெத் தீவுக்குப் போனா ரோஸ் புறாவ நேர்லயே பாக்கலாம். திரும்பி வர்ற பறவை, திரும்பவே வராத பறவை, இந்த ரெண்டுக்கும் மேஜிக்ல ஏற்கெனவே எடம் இருக்கு: ஒண்ணு கிரேவ்யார்ட் (செத்த கார்டு போற குவியல், அங்கேர்ந்து திரும்ப எடுக்கலாம்), இன்னொண்ணு எக்ஸைல் (ஆட்டத்துலேர்ந்தே ஒதுக்கி வைக்கறது). உன் டெக் இதுக்கு நடுவுல ஆடணும்.

இதுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு கமாண்டர் இருக்கு. 2024ல வந்த ப்ளூம்பரோ செட்ல காஸ்ட்ரல், த விண்ட்க்ரெஸ்டட். வெள்ளை நீலம், அஞ்சு மானா (கார்டு இறக்க செலவழிக்கற சக்தி), 4/5 (அடி நாலு, தாங்கற பலம் அஞ்சு), பறக்கும். உன் பறவை ஒண்ணோ பலதோ ஒரு ப்ளேயர காம்பாட்ல அடிச்சா மூணுல ஒண்ணு நீ தேர்ந்தெடுக்கலாம்: கையிலேர்ந்தோ கிரேவ்யார்ட்லேர்ந்தோ ஒரு பறவைய நேரா களத்துல இறக்கலாம், இல்ல எல்லா பறவைக்கும் ஒரு +1/+1 கவுண்டர் வைக்கலாம், இல்ல ஒரு கார்டு எடுக்கலாம். இதுல முதல் சாய்ஸ்லதான் சமாச்சாரமே இருக்கு, அப்படி இறக்குற பறவை மேல ஃபைனாலிட்டி கவுண்டர்னு ஒண்ணு உக்காரும், அடுத்த தடவை அது செத்தா கிரேவ்யார்டுக்குப் போகாது, எக்ஸைல். ஒரு தடவைதான் திரும்பி வரும், அதுக்கப்புறம் டோடோதான். நீ தேடின தீமை கம்பெனிக்காரன் தெரியாமலே அடிச்சுக் குடுத்துட்டான்.

இப்ப கலர் பிரச்சனை. கமாண்டர் வெள்ளை நீலம்னா டெக் மொத்தமும் அந்த ரெண்டு கலருக்குள்ளதான் இருக்கணும், அதனால பச்சை பறவை எல்லாம் வெளிய. 1993லேர்ந்து எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடுற பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸும் போகணும், கில்டட் கூஸும் போகணும். வலிக்கும்தான், எடுத்து ஃபைல்ல வை. பறவை தீம்ல அந்த ரெண்டையும் வெளிய வைக்கறியேன்னு கேக்கறவன் கிட்ட ரூல் புக்க காட்டு.

கமாண்டரோட சேத்து சரியா 100 கார்டு, பேஸிக் லேண்ட் தவிர வேற எதுவும் ரெண்டு காப்பி கூடாது. மிச்சம் 99ல 37 லேண்ட் (மானா தர்ற நிலக் கார்டு) வை, முதல் ஏழு கார்டுல சராசரியா ரெண்டரை லேண்டுக்குக் கொஞ்சம் மேல வரும், பொதுவா அது போதும். பேஸிக்ல ஐலண்டும் ப்ளெய்ன்ஸும், நம்மளுக்கு ஐலண்ட் போடச் சொல்லியா தரணும். மானா தர்ற ஆர்டிஃபாக்ட் ஒரு ஒன்பது பத்து, கார்டு எடுக்கறதுக்கு ஏழெட்டு, எதிராளி சாமான அடிச்சு எடுக்க ஏழெட்டு, மிச்சம் பூரா பறவையும் பறவைக்கு வேலை செய்யறதும். நிறைய பேரு தீம் டெக்ல கோட்ட விடுறது இங்கதான், பறவை மட்டும் அறுபது போட்டுட்டு லேண்ட 28க்குக் கொறைச்சுடுவாங்க, அப்புறம் கை நிறைய பறவை வச்சுக்கிட்டு நாலு டர்ன் வேடிக்கை பாப்பாங்க.

கட்டாயம் தேடி வாங்க வேண்டியது ரெண்டு, ரெண்டுமே 2002ல வந்த ஜட்ஜ்மெண்ட் செட். பேட்டில் ஸ்க்ரீச் போட்டா ரெண்டு 1/1 பறக்கற பறவை டோக்கன் (டெக்ல இல்லாம, அடையாளத்துக்கு களத்துல வைக்கறது), அப்புறம் தட்டாம இருக்கற மூணு வெள்ளை க்ரீச்சர தட்டினா, அதாவது பக்கவாட்டுல திருப்பினா, கிரேவ்யார்ட்லேர்ந்தே இன்னொரு தடவை போடலாம், இறங்கின டோக்கனையே தட்டிக்கலாம், மொத்தம் நாலு பறவை ஆச்சு. இன்னொண்ணு சோல்கேச்சர்ஸ் ஏரி. களத்துலேர்ந்து ஒரு பறவை உன் கிரேவ்யார்டுக்குப் போனா இந்த ஏரி கார்டு மேல ஒரு ஃபெதர் கவுண்டர், ஒவ்வொரு கவுண்டருக்கும் எல்லா பறவைக்கும் +1/+1. டோக்கனும் கிரேவ்யார்டுக்குப் போயிட்டுத்தான் மறையும், அதனால எவனாவது ராத் ஆஃப் காட் போட்டு எல்லா க்ரீச்சரையும் அழிச்சா உனக்கு நாலு டோக்கனுக்கு நாலு கவுண்டர், அடுத்து வர்ற குட்டிப் பறவையே 5/5ஆ வந்து நிக்கும். ஆனா ஃபைனாலிட்டி கவுண்டர் இருக்கற பறவை எக்ஸைலுக்குத்தான் போகும், அது செத்தா ஃபெதர் வராது. அதனால கைல இருக்கற பறவைய முடிஞ்சவரை மானா குடுத்தே இறக்கு, காஸ்ட்ரலோட வேலைய கிரேவ்யார்ட்ல கிடக்கறதுக்கு வச்சுக்க. பெரிய பறவைய சீக்கிரமா கிரேவ்யார்டுக்கு அனுப்ப கேர்ஃபுல் ஸ்டடி மாதிரி, ரெண்டு எடுத்து ரெண்டு தள்ளற கார்டு நல்லா உதவும். ஆறு மானா ஏவன் பிரிகேடியர தள்ளிவிட்டுட்டு அஞ்சாவது டர்ன்ல சும்மா இறக்கிப் பாரு, அப்புறம் யாரும் உன்ன ஓரமா உக்கார வைக்க மாட்டாங்க.

ஆடும்போது ஒரு விஷயம் மட்டும் மறந்துடாத. காஸ்ட்ரல வெறும் களத்துல இறக்காத, அதுக்கு முன்னாடி சின்னப் பறவை ரெண்டு மூணு வெளிய இருக்கணும். அஞ்சாவது டர்ன்ல காம்பாட்டுக்கு முன்னாடியே காஸ்ட்ரல போடு, காஸ்ட்ரல் அந்த டர்ன் அடிக்க முடியாது, பரவால்ல, பழைய பறவைங்க அடிக்கும். எல்லாத்தையும் ஒருத்தன் மேல விடாம ஆளுக்கு ஒண்ணா மூணு பேர் மேலயும் அனுப்பு. அடி வாங்குற ஒவ்வொரு ப்ளேயருக்கும் தனித்தனியா காஸ்ட்ரலோட சக்தி ட்ரிக்கர் ஆகும், ஒரே காம்பாட்ல மூணு தடவை, ஒண்ணுல பறவைய இறக்கு, ஒண்ணுல கவுண்டர் வை, ஒண்ணுல கார்டு எடு. 1/1 குருவி மூணு ஆளுக்கு ஒரு அடி அடிச்சா எவனும் கோவப்படவும் மாட்டான், நாப்பது லைஃப்ல ஒண்ணு போனா யாருக்கு என்ன. கோவம் வர்றப்ப உன் களம் நெறஞ்சிருக்கும்.

அப்புறம் டோடோ படம். டோக்கனுக்கு எந்தப் படம் வேணா வச்சுக்கலாம், பேப்பர்ல வரைஞ்சாக்கூட போதும், அதனால டோடோவ வரைஞ்சு ஸ்லீவ் உறைல போடு. பறக்காத பறவைய பறக்கற டோக்கனுக்கு வச்சிருக்கியேன்னு சிரிப்பாங்கதான். எனக்குப் புடிச்ச வழி வேற, ஸ்வான் சாங் போட்டு எதிராளியோட ஸ்பெல்ல தடுத்தா அவனுக்கு ஒரு 2/2 பறவை டோக்கன் குடுக்கணும்ல, அங்க அந்த டோடோவ எடுத்து அவன் முன்னாடி வை.

கேள்வி: ரோஸ் ஹில்லேர்ந்து எழுதறேன். எங்க கமாண்டர் கூட்டத்துல ஒருத்தன் தீம் டெக்தான்னு சொல்லிட்டு உக்காந்து, பாத்தா ரிஸ்டிக் ஸ்டடி, சைக்ளோனிக் ரிஃப்ட்னு பலமான கார்டா ஒண்ணொண்ணா இறக்குறான். கேட்டா ரெண்டுமே தண்ணி தீம்ங்கறான். என்ன பண்றது?

பதில்: வாய் இருக்கறவன் பொழச்சுக்குவான். சைக்ளோன் தண்ணி தீம்னா ரிஸ்டிக் ஸ்டடி எந்த தண்ணிப்பா?

சண்டை வேணாம், ஆட்டத்துக்கு முன்னாடி பேசிக்கறதுக்குன்னே 2025 பிப்ரவரில மேஜிக் கார்டு அடிக்கற விஸார்ட்ஸ் கம்பெனி பிராக்கெட்னு அஞ்சு படி போட்டாங்க. ஒண்ணாவது படி சும்மா அழகுக்கு, கதைக்கு கட்டின டெக். ரெண்டு, கடையில ரெடியா வர்ற டெக் அளவுன்னு அப்ப சொன்னாங்க. மூணு கொஞ்சம் தேத்தினது, நாலு முழு வேகம், அஞ்சு போட்டிக்காரங்க. கேம் சேஞ்சர்ஸ்னு, ஆட்டத்தையே புரட்டிப் போடற கார்டுங்க பட்டியலும் ஒண்ணு இருக்கு, உங்காளு இறக்கற ரெண்டும் அந்தப் பட்டியல்ல பேரு வாங்கினதுதான். முதல் ரெண்டு படியில அதுல ஒண்ணுகூட கூடாது, மூணாவது படியில மூணு வரைக்கும். அதனால "உன்னோடது தீம் டெக்கா"ன்னு கேக்காதீங்க, அதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, "எத்தனையாவது படி, கேம் சேஞ்சர் எத்தனை"ன்னு கேளுங்க. மூணுன்னா நீங்களும் மூணு எடுத்துட்டு உக்காருங்க. காவடி லீவுல சொந்தக்காரப் பசங்களோட ஆடுற டேபிள்ல எல்லாம் ரெண்டுக்கு மேல போகாம இருந்தா சாப்பாட்டு நேரத்துல முகம் குடுத்துப் பேசலாம்.

கேள்வி: வணக்கம் தம்பி, த்ரியோலேலேர்ந்து ஒரு அம்மா. என் மகனுக்கு பதினோரு வயசு, பாக்கெட் மணி பூரா போக்கிமான் பாக்கெட்டுக்கே போகுது. ட்ராகோஃபூ வச்சு நெருப்பு டெக் வேணுமாம், எத்தனை பாக்கெட் பிரிச்சாலும் டெக் ஆக மாட்டேங்குது, இது எப்ப முடியும்?

பதில்: அக்கா, பாக்கெட் பிரிச்சு டெக் கட்டணும்னா முடியவே முடியாது. ஒரு பாக்கெட்ல பத்து கார்டு, அதுல எது வரும்னு யாருக்கும் தெரியாது, டெக்குக்கு வேண்டியதோ ஒரே கார்டு மூணு நாலு. சிங்கிள்ஸா, அதாவது வேண்டிய கார்ட மட்டும் தனித்தனியா, வாங்கிக் குடுங்க, இங்க கிடைக்கலைன்னா ரீயூனியன்லேர்ந்தோ பிரான்ஸ்லேர்ந்தோ வர்ற சொந்தக்காரங்க கிட்ட லிஸ்ட் குடுத்துடுங்க, கார்டு தபால் கவர்ல அடங்கும்.

போக்கிமான்ல சரியா 60 கார்டு, பேஸிக் எனர்ஜி தவிர ஒரே பேர்ல நாலுக்கு மேல கூடாது. ட்ராகோஃபூ, அதான் இங்கிலீஷ் கார்டுல சாரிஸார்ட், நேரா வராது, சாலமேஷ் வச்சு, ரெப்டிஞ்செல் ஆகி, அப்புறம்தான். பையன் மூணாவத மட்டும் சேத்து வச்சிருப்பான் பாருங்க, பளபளன்னு இருக்கும்ல. அடில இருக்கற குட்டி நாலு இல்லாம அது கையிலேயே தூங்கும். நாலு காப்பி வச்சாக்கூட முதல் ஏழு கார்டுல அந்தக் குட்டி ஒண்ணாவது வர்ற வாய்ப்பு சுமார் 40 சதவீதம்தான், அதனால பேஸிக் போக்கிமான்ல, அதான் குட்டிங்கள்ல, கஞ்சத்தனம் வேணாம். நடு ஸ்டேஜ தாண்டறதுக்கு ரேர் கேண்டின்னு ஒரு கார்டு, அது நாலு வாங்குங்க, ஆனா அப்பதான் இறக்கின குட்டி மேல அதே டர்ன்ல போட முடியாது.

ஒரு சின்ன விஷயம், 2023ல அப்சிடியன் ஃப்ளேம்ஸ்ல வந்த சாரிஸார்ட் ஈஎக்ஸ் நெருப்பு டைப் கிடையாது, டார்க்னஸ் டைப். அடிக்க வேண்டிய எனர்ஜி மட்டும் நெருப்பு. பரிணாமம் ஆகும்போதே டெக்லேர்ந்து மூணு நெருப்பு எனர்ஜி எடுத்து ஒட்டிக்கும், 330 எச்பி (தாங்கற உயிர்ப் புள்ளி), எதிராளி ப்ரைஸ் கார்டு (நம்ம போக்கிமான வீழ்த்தினா எடுக்கறது) எடுக்க எடுக்க அடி ஏறும். நெருப்பு டைப்புக்கு மட்டும் உதவற கார்டுங்கள இதுக்குன்னு வாங்கிட்டு அப்புறம் வேலை செய்யலைன்னு அழுவாங்க பசங்க. வீட்டுல தங்கச்சி கூட ஆடுறதுக்குன்னா எந்த வருஷ செட்டா இருந்தாலும் சரி, போட்டிக்குப் போறான்னா கார்டோட கீழ் இடது மூலையில இருக்கற எழுத்து இன்னும் ஸ்டாண்டர்ட்ங்கற போட்டி முறைல செல்லுதான்னு பாத்துட்டு வாங்குங்க.

பாக்கெட்ட அடியோட நிறுத்திடாதீங்க அக்கா, பொறந்தநாளுக்கு ஒண்ணு ரெண்டு குடுங்க, பிரிக்கறதும் ஒரு சந்தோஷம்தான்.

கேள்வி: யூகியோ கார்டு கேம்ல ஹார்ப்பி டெக். ஹார்ப்பி லேடி மூணு, ஹார்ப்பி லேடி 1 மூணு, 2 மூணு, 3 மூணு, மொத்தம் பன்னெண்டு போட்டேன். ஃப்ரெண்ட் தப்புங்கறான்.

பதில்: உங்க ஃப்ரெண்டு சொல்றது சரி. 1, 2, 3 எல்லாத்துலயும் பேரு எப்பவும் ஹார்ப்பி லேடியாவே கணக்குன்னு கார்டுலயே எழுதியிருக்கு, சைபர் ஹார்ப்பி லேடிக்கும் அதேதான். எல்லாம் சேத்தே மூணு. ஒன்பத எடுத்துட்டு அந்த எடத்துல ஹார்ப்பி லேடிய டெக்லேர்ந்து தேடி எடுத்துத் தர்ற கார்டா போடுங்க. டெக் மொத்தம் 40 கார்டுக்குக் கீழ போயிடாம பாத்துக்கங்க.

கேள்வி: க்யூர்பீப்ல இருக்கோம், வருஷம் பூரா ஈரம். ஃபாயில் ஒட்டின பளபள கார்டெல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சு போகுது, கார்டு தரமே சரியில்லையா?

பதில்: க்யூர்பீப்ல துணியே காய மாட்டேங்குது, கார்ட சொல்லிக் குத்தமில்ல. ஃபாயில்ல பேப்பர் ஈரத்த இழுத்து விரியும், மேல இருக்கற ஃபாயில் விரியாது, அதான் வளையுது. மூடி இறுக்கமா இருக்கற டப்பால சிலிகா ஜெல் பாக்கெட் ஒண்ணு ரெண்டு போட்டு வைங்க, அஞ்சாறு போட்டா ரொம்பக் காஞ்சு எதிர்ப்பக்கம் வளையும். டபுள் ஸ்லீவ் போடறது நல்லது. வளைஞ்ச ஃபாயில போட்டிக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, டெக்குக்குள்ள அது எங்க இருக்குன்னு பக்கத்துலேர்ந்து பாத்தாலே தெரியும், மார்க் பண்ண கார்டுன்னு சொல்லிடுவாங்க, அதே கார்டோட சாதா பிரதி ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க.