அடுப்படியை விட்டு நகராத 7 கிலோ கடுவன் பூனைக்கு

ஹட்டன் குளிரில் 7 கிலோ கடுவன் அடுப்படியிலேயே கிடக்கிறது, துணைக்குக் குட்டி வந்தால் ஓடியாடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குட்டியை நம்பாதீர்கள், முதலில் தட்டைப் பாருங்கள். சோற்றையும் நெத்தலியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரேயடியாகப் பட்டினி போட்டால் குண்டுப் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். சாப்பாட்டுக்கு முன் 5 நிமிடம், நூலில் கட்டிய கோழி இறகைத் தரையோடு இழுங்கள்; சாக்குக்கு அடியில் இறகு மறையும்போதுதான் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு பாய்வார். அப்புறம் நூலை எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கிவிடும்.

சரி, குட்டி வந்தால் மற்றக் காம்பராவில் கதவடைத்து வையுங்கள். அது படுத்த துணியைக் கடுவன் பெரியவர் மோந்து பார்க்கட்டும். கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். சீறல் அடங்கிய பிறகே சந்திப்பு. இரண்டு பூனைக்கும் மலசலம் கழிக்க மணல் தட்டு 3 வேண்டும். குட்டியின் சாப்பாட்டில் கொழுப்பு அதிகம், பெரியவர் அதில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.